படுதாவுக்குப் பின்னால் பாட்டுப்பெட்டி

அத்தியாயம் 9

போன வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "இந்த மாதம்மாள் ஏன் இப்படி வாய் மூடிக் கிடக்கிறாள்?" என்று திருச்செங்கோட்டிலிருந்து ஓர் அம்மாள் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார். பதில் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள்மேல் எனக்கே கோபம் இருக்கும்போது எந்த முகத்தோடு சமாதானம் சொல்வது?

நடுவில் வந்து சேர்ந்துகொள்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. காளப்பநாயக்கன்பட்டி நாடக வாத்தியார் அருணாசலம், முப்பத்தேழாம் வருஷம் 'தைரியவல்லி அல்லது பெண்ணுரிமை' என்று ஒரு சங்கீத நாடகம் போட்டார். ஆண்கள் மட்டுமே வாய் திறக்கும் நாட்டுக் கூட்டத்தில் ஒரு பெண் நுழைந்து, தன் வழக்கைத் தானே பேசி ஜெயித்தாள் என்று ஒரு மிளகு வியாபாரி சொன்ன கொல்லிமலைக் கதை அது. அதிலுள்ள பதினாறு பாட்டையும் கட்டியவள் வாத்தியாரின் மனைவி மாதம்மாள். அவள் மாவாட்டிக்கொண்டே பாடுவாள். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டீசில் 'பாடல்கள்: அருணாசலம்' என்று அச்சானது. "பொம்பளை கட்டின பாட்டுன்னு போட்டா எவன் வருவான்?" என்றார். பெண்ணுரிமை நாடகத்துக்குத்தான் இந்த நியாயம்.

சரி, அவர் பேரைப் போட்டதற்காவது கூட்டம் வந்ததா என்றால் அதுவும் இல்லை. சேந்தமங்கலத்தில் முதல் ஆட்டத்தின்போது பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போனார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு மீதிப் பாதியும் வரவில்லை. ராஜபார்ட்டும் பபூனும் வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டார்கள்.

மூன்றாவது ஆட்டம் கொல்லிமலைமேல், சில ஊர்கள் சேர்ந்த திருப்புலி நாட்டின் ஆடி நோம்பித் திருவிழாவுக்கு. "இதுதான் கடைசி. அப்புறம் நோட்டைப் பரணுல போட்டுட்டுப் புராண நாடகத்துக்கே போயரலாம்" என்று அருணாசலம் சொல்லிவிட்டார். அந்தப் பாட்டெல்லாம் தன் பாட்டென்று ஒரே ஒரு மனுஷர் காதிலாவது விழாதா என்று மாதம்மாள் ஏங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு நாள்.

அந்த நாள் விடிந்ததே கோணலாகத்தான்.

அப்போது மலைக்கு ரோடு ஏது? ஒற்றையடிப் பாதையில் ஆர்மோனியப் பெட்டியைத் தலையில் வைத்து ஏற வேண்டும். கம்பெனியின் ஸ்திரீபார்ட் செல்லமுத்து, மாதம்மாளின் தம்பி. தைரியவல்லி வேஷம் அவனுக்குத்தான். தொண்டை கெட்டுவிடும் என்று கீழே மோர்கூடத் தொடாதவன், பாதி மலையில் வேர்வையோடு நின்று சுனைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தான். மேலே போனதும் உபசாரமாக வைத்த பலாச்சுளையைத் தேனில் தோய்த்து இருபது தின்றான். இருபத்தொன்றாவதைக் கேட்க வாயைத் திறந்தபோது சத்தம் வரவில்லை.

"உனக்கு இருக்கறது வயிறா, குதிராடா?" என்றார் அருணாசலம்.

செல்லமுத்து ஏதோ சொன்னான். மழைக்காலத்துத் தவளை மாதிரி இருந்தது.

"மத்தியானம் ஆட்டம். இவன் தொண்டையை என்னமோ பண்ணு புள்ள" என்று மனைவியிடம் தள்ளிவிட்டுவிட்டுப் படுதா கட்ட மூங்கில் தேடப் போனார். வீட்டில் பால் பொங்கினாலும் அவர் இப்படித்தான் மூங்கில் தேடப் போவார்.

மாதம்மாள் கஷாயத்துக்கு மிளகு கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஐம்பது வயதுக்காரி ஒருத்தி வாசலில் களைக்கொத்துக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை பேசுவதற்குள் மிளகும் கொடுத்தாள், அடுப்பும் கொடுத்தாள்.

"நாடகக்காரங்களா? என்ன நாடகம்?"

"கூட்டத்துல தானே பேசி ஜெயிச்ச பொம்பளை கதைங்கக்கா. இந்த மலையிலதான் நடந்துச்சாமா. அந்தக் காலத்துல."

"எந்தக் காலத்துல? பதினெட்டு வருசந்தான் ஆச்சு." அவள் காம்பைத் தரையில் தட்டினாள். "அது நான்தான். என் பேரு அத்தாயி."

மாதம்மாள் கையிலிருந்த மிளகு அடுப்புக்குள் கொட்டிவிட்டது. இருவரும் தும்மி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்னைப் பத்தி நாடகம் போட்டிருக்கறீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை" என்றாள் அத்தாயி. கோபம் குரலில் மட்டும் இருந்தது. கை மறுபடி மிளகு அள்ளிக் கொடுத்தது. "என்னையாட்டம் வேஷங்கட்டறது யாரு? நீயா?"

"என் தம்பிங்க."

"தம்பியா?" அத்தாயி அவளையே பார்த்தாள். "ஏன், உங்கூர்ல பொம்பளைகளே இல்லையா அம்மிணி?"

மாதம்மாள் குனிந்து அடுப்பை ஊதினாள். வழக்கம்போல.

"மொதப் புருசனை விட்டு வெலகற வழக்கு அது. என் அண்ணன் எனக்காகப் பேச மாட்டேன்னுட்டான். வேற ஆளு இல்லை, நானே போய்க் கூட்டத்துக் கோலைத் தொட்டுப் பேசினேன். அவ்வளவுதான். அதுக்கு நாடகமா? எனக்குச் சாமைக்காட்டுல களை கெடக்குது" என்றாள் அத்தாயி. ஆனாலும் களைக்கொத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேறு புடவை எடுத்தாள்.

மாதம்மாள் கஷாயத்தோடு ஓடிவந்து கணவனிடம் சொன்னாள். "ஏனுங்க, அந்தம்மா உசுரோட இருக்கறாங்க. நாடகம் பாக்க வாராங்க."

அருணாசலத்தின் முகம் வெளுத்தது. காரணம் இருக்கிறது. சேந்தமங்கலத்து ஜனங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று, கடைசிக் காட்சியில் தைரியவல்லி புருஷன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு அங்கேயே உயிரை விடுவதாக அவர் மாற்றி வைத்திருந்தார். செத்துப்போனவள் மத்தியானம் முன்வரிசையில் வந்து உட்காரப் போகிறாள்.

"வரட்டும், வரட்டும். இவன் தொண்டை?"

"இன்னிக்கு ஆவாதுங்க."

அவர் யோசித்தார். "பாட்டு உனக்கு மனப்பாடந்தானே? நீ படுதாவுக்குப் பின்னால உக்காந்து பாடு. அவன் முன்னால வாயை மட்டும் அசைக்கட்டும்."

"முன்னாலயே வந்து பாடறேனுங்க."

"குடும்பத்துப் பொம்பளை மேடையேறறதா? நாளைக்குக் கீழ தலை காட்ட முடியுமா?"

"அப்படின்னா, பாட்டு யாருதுன்னு மட்டும் ஒரு வார்த்தை..."

"இந்த நேரத்துல அந்தப் பேச்செதுக்கு?" என்றார். அந்தப் பேச்சுக்கு நேரம் எப்போது என்று கல்யாணமான பதிமூன்று வருஷமாக அவர் சொன்னதில்லை.

ஊர்ப் பொது மந்தைவெளியில் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோது, கூட்டம் நடத்துகிற ஊர்க்கவுண்டர் காளியண்ணன் வந்தார். மந்தை நடுவில் கல்மேல் ஒரு கோல் கிடந்தது. கையளவு தடிமன், எண்ணெய் பூசிக் கறுத்திருந்தது.

"வாத்தியாரே, ஒண்ணு சொல்லிப்போடறேன். நோம்பி முடியற வரைக்கும் கோல் இங்கதான் கெடக்கும். கோல் கெடந்தா இது கூட்டம். கூட்டத்துல யாரும் முகத்தை மறைச்சுக்கிட்டுப் பேசப்படாது. எங்க சாமி வழக்கம் அது. வேற எடம் வேணும்னா மேலக் களத்துல போட்டுக்கலாமுங்க."

"சரிங்க, சரிங்க" என்றார் அருணாசலம், படுதாக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தபடி. காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் மூங்கிலைப் பிடுங்கியிருப்பார், இந்த அத்தியாயமும் இருந்திருக்காது.

உச்சிவெயில் சாயத் தொடங்கியதும் ஆட்டம் ஆரம்பித்தது. மந்தை நிறைந்திருந்தது. அத்தாயி முன்வரிசையில், மடியில் வறுத்த பலாக்கொட்டையோடு. செல்லமுத்து ஜரிகைப் புடவையும் டோப்பாவுமாக வந்து நின்றதும், "நான் என்னிக்கு இதைக் கட்டினேன்?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

அருணாசலம் ஆர்மோனியத்தில் சுதி கொடுத்தார். படுதாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மாதம்மாள் எடுத்தாள்.

*கூட்டத்திலே கோல்கிடக்கு – அதைத்*
*தொட்டவர்க்கே வாய்திறக்கும்*
*வீட்டுக்குள்ளே நான்அழுதால் – அது*
*விறகெரிந்த புகைக்கணக்கு*

கொட்டை கொறிக்கிற சத்தம் நின்றது. சேந்தமங்கலத்தில் இதே பாட்டுக்குக் கொட்டாவி விட்டார்கள். இங்கே பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். அத்தாயி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லமுத்துவை நம்பி ஒரு காரியத்தில் இறங்கலாமா? பாட்டு முடிந்த பிறகும் அவன் வாயை அசைத்துக்கொண்டே நின்றான். அப்புறம் தும்மினான். தும்மும்போதே அடுத்த பாட்டு அவன் வாயிலிருந்து அருமையாக வந்தது.

மந்தை சிரித்தது. காளியண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார்.

"நிறுத்துங்க வாத்தியாரே. பாடறது இந்தப் பையன் இல்லை. படுதாவுக்குள்ள யாரு?"

"அது பாட்டுத்தானுங்க. பேச்சில்லீங்களே."

"வாயில வர்றதெல்லாம் பேச்சுத்தான். காலையிலயே சொன்னேன். கோல் முன்னால முகத்தை மறைச்சுப் பேசினா எங்களுக்கு ஆவாது. யாரு உள்ள?"

'என் சம்சாரம்' என்று இரண்டே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் குடும்பத்துப் பொம்பளை மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடினாள் என்பது கீழே எட்டினால் மானம் போகுமே. நம் வாத்தியார் மூளையைக் கசக்கி ஒரு பதிலைக் கண்டுபிடித்தார்.

"கிராமபோன் பெட்டிங்க. மெட்ராஸ்ல இருந்து வந்தது. சாவி கொடுத்து விட்டிருக்கறேன். அதுதான் பாடுது."

"பெட்டியா?" என்றார் காளியண்ணன். "சேந்தமங்கலம் சந்தையில பாத்திருக்கறேன். பித்தளைக் குழாய் வெச்சிருக்கும். இதைக் காட்டுங்க, நாங்களும் பாக்கறோம்."

"வெளிச்சம் பட்டாக் கெட்டுப்போயிருமுங்க."

படுதாவுக்குப் பின்னால் மாதம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டீசில் தன் பேரை விட்டபோது பொறுத்தாள். பின்னால் போய் உட்கார் என்றபோதும் பொறுத்தாள். ஆனால் பெட்டி என்கிறார். சாவி கொடுத்து விட்டிருக்கிறாராம். பதிமூன்று வருஷம் சோறு பொங்கிப் போட்டு, இரண்டு பிள்ளை பெற்று, மாவாட்டிக்கொண்டே பாட்டுக் கட்டிக் கொடுத்தவள் இப்போது வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற சாமான்.

படுதாவை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அருணாசலத்தின் விரல் ஆர்மோனியக் கட்டை ஒன்றின் மேலேயே இருந்தது. அது மட்டும் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது.

"நான்தானுங்க பாடினேன்" என்றாள்.

"பெட்டிக்குக் கை காலெல்லாம் இருக்குதே" என்றாள் அத்தாயி.

சிரிப்பு அடங்கும்வரை காளியண்ணன் காத்திருந்தார். பிறகு மரியாதையாகவே சொன்னார். "வெளிய வந்துட்டீங்க, நல்லது. கோலைத் தொட்டு நீங்க யாருன்னு சொல்லிப்போட்டுப் பாடுங்க தாயி."

அவள் குனிந்து கோலைத் தொட்டாள். "மாதம்மாளுங்க. காளப்பநாயக்கன்பட்டி. வாத்தியார் சம்சாரம்."

கூட்டத்தில் பேச வருகிற எல்லோரையும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. காளியண்ணன் அதைக் கேட்டார். "உங்க பேச்சா, அடுத்தவங்க சொல்லிக் கொடுத்த பேச்சா?"

மாதம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் கை கோல் மேலேயே இருந்தது.

"என் பேச்சுங்க. இந்த நாடகத்துல இருக்கற பதினாறு பாட்டும் நான் கட்டினது."

"ஏ புள்ள" என்று எழுந்தார் அருணாசலம். "எழுதினவன் நான் இருக்கறப்ப..."

"இருங்க வாத்தியாரே. மறுக்கறதா இருந்தா இங்க வந்து கோலைத் தொட்டு மறுங்க."

அருணாசலம் இரண்டடி வந்தார். கையை நீட்டினார். கறுத்த கோலைப் பார்த்தார். நாடகத்தில் எமனையே அதட்டுகிற மனுஷர்தான், ஆனால் சாமிக் கோலைத் தொட்டுப் பொய் சொல்வது வேறு. கையை மடக்கிக்கொண்டு பலாமரத்தடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"பாடு கண்ணு" என்றாள் அத்தாயி.

சுதி கொடுக்க ஆள் இல்லை. மிருதங்கம் மட்டும் பின்தொடர, மாதம்மாள் வரிசையாகப் பாடினாள். செல்லமுத்து டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டான். வேஷமில்லை, காட்சியில்லை. ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. பாட்டுக்குப் பாட்டு அவள் குரல் திறந்துகொண்டே போனது. வீட்டில் அடுப்படியைத் தாண்டாத குரல் அது. மந்தையைத் தாண்டி அந்தப் பக்கத்து மிளகுக் கொடிவரை போவதை அவளே அன்றைக்குத்தான் கேட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

பதினைந்தாவது பாட்டு முடிந்ததும் நிறுத்தினாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அப்புறம் அவங்க புருசன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறாங்க."

"யாரு, நானா?" என்றாள் அத்தாயி. அவள் இப்போதைய புருஷன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டார்.

மாதம்மாள் மறுபடி குனிந்து கோலைத் தொட்டாள். "ஒண்ணு திருத்திச் சொல்லோணுமுங்க. பதினாறுன்னேன், தப்பு. பதினஞ்சுதான் என் பேச்சு. அந்தக் கடைசிப் பாட்டு அவர் சொல்லச் சொன்னது. மெட்டு நான் கட்டினாலும் அது அவருதுதான். உங்களைக் கால்ல விழ வெச்சதுக்கு நானும் ஒத்துக்கிட்டேன். மன்னிச்சுப்போடுங்கக்கா."

அத்தாயி மடியிலிருந்த கொட்டைத் தோலைத் தட்டிவிட்டாள். "அதைப் பாட வேண்டாம்" என்றாள்.

'தைரியவல்லி அல்லது பெண்ணுரிமை' அதோடு முடிந்தது. மூன்றே ஆட்டம். இனி யாரும் அதைப் போடப் போவதில்லை.

நாடகம் முடிந்தது, வழக்கு முடியவில்லை. அது மாதம்மாளுக்குத் தெரியாது. காளியண்ணன்தான் விளக்கினார்.

"கோலைத் தொட்டு இது என்னுதுன்னு சொல்லிட்டீங்க. அது வழக்காயிருச்சு தாயி. மறுக்கறவங்களுக்கு எட்டு நாள் தவணை. அது வரைக்கும் நீங்க நாட்டை விட்டு எறங்கப்படாது. அவங்க தேடி வந்தா நீங்க இருக்கோணுமில்ல? எட்டு நாள்ல அவர் வந்து கோலைத் தொடலைன்னா பாட்டு உங்களுதுன்னு நாடு சொல்லீரும். அதுக்குள்ள நீங்க எறங்கிட்டா, சொன்ன பேச்சு செல்லாது."

மாதம்மாள் விரலில் எண்ணினாள். எட்டு நாளா? வீட்டில் மூத்தவள் பாப்பாத்திக்குப் பன்னிரண்டு வயது. சின்னவனை அவளிடம் விட்டுவிட்டு ஒரே நாளில் திரும்புவதாகச் சொல்லி வந்திருந்தாள்.

அருணாசலம் பலாமரத்தடியிலிருந்து விறுவிறுவென்று வந்தார். மேற்கே வெயில் மஞ்சளாகிவிட்டது. இப்போது இறங்கினால்தான் இருட்டுக்குமுன் அடிவாரம் சேரலாம்.

"கேட்டயல்ல? ஒரு பாட்டுக்காகப் பஞ்சாயத்தாம், தவணையாம். கூத்தாடி பொழப்புல இது ஒண்ணுதான் பாக்கி. கெளம்பு."

"அக்கா, போயரலாமுக்கா" என்றான் செல்லமுத்து. கஷாயம் அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. வேறு எந்த நேரத்தில் அவனுக்குக் குரல் வரும்?

"இறங்கினா செல்லாதுங்கறாங்க" என்றாள் மாதம்மாள்.

"செல்லாட்டிப் போகுது. இந்த மலைக்காட்டுல பாட்டு உன்னுதுன்னு சொன்னா நாளைக்குக் கீழ எவனுக்குத் தெரியப் போவுது?"

"உங்களுக்குத் தெரியுமில்லீங்க."

அருணாசலம் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "பிள்ளைகளை நெனைச்சுப் பாத்தயா?"

நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். சின்னவன் ராத்திரி அவள் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் கால்கூட நகர்ந்தது. திருச்செங்கோட்டு அம்மாளே, அந்த ஒரு நிமிஷம் நானும் உங்களைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அத்தாயி எழுந்து வந்தாள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குக் களை எடுக்க ஆள் வேணும். ஊட்டுல பாயி இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

மாதம்மாள் ஆர்மோனியத்தின் மேலிருந்த பாட்டு நோட்டை எடுத்தாள். கணவன் கையில் கொடுத்தாள்.

"இது உங்க எழுத்து. எடுத்துட்டுப் போங்க. பாப்பாத்திகிட்ட அம்மா எட்டு நாள் கழிச்சு வாரேன்னு சொல்லுங்க."

"என்னான்னு சொல்றது? ஏன் வரலைன்னு அவ கேட்டா?"

"கேப்பா. கேக்காம விட மாட்டா. என்ன சொல்றதுன்னு எறங்கற வழியெல்லாம் யோசிச்சுக்கங்க" என்றாள் மாதம்மாள். "அவகிட்டயும் நான் பெட்டின்னு சொல்லீராதீங்க."

அவள் அத்தாயியின் பின்னால் நடந்தாள். செல்லமுத்து ஆர்மோனியத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "மாமா, நேரமாச்சுங்க" என்றான். அருணாசலம் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவருக்கு ஐந்தாறு அடி தள்ளி, கல்மேல் கோல் அப்படியே கிடந்தது. இன்னும் ஒருவரும் அதை எடுத்துவைக்கவில்லை.